கேமராவைக் கீழே வை, பேராண்டி

ஏலே பேராண்டி, அந்தப் பறக்கிற பொட்டிய ஓரமா வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. காலையில இருந்து தோப்புக்கு மேல அது ரீங்காரம் போட்டுக்கிட்டே கெடக்கு. எருமை மடியை இறுக்கிக்கிட்டு நிக்குன்னு உங்க ஆச்சி வையுதா. டைரக்டராகப் போறேன்னு முடிவு பண்ணிட்ட. நல்ல காரியம்லே. குடும்பத்துல ஒருத்தன் சினிமாவுக்குப் போனாத்தான் மிச்சமுள்ளவன் எல்லாம் பொறுப்பானவன்னு ஊரு நம்பும்.

புத்தி சொல்லுங்க தாத்தான்னு நீ கேக்கல. தெரியும். கேக்காதவனுக்குச் சொல்லுததுக்குத்தான் இந்த வயசே. டூரிங் டாக்கீஸ்ல கார்பன் மாத்தி மாத்தி ரீல் ஓட்டினவன் நான். பெறவு டவுன்ல காலேஜ் வாத்தியார் சில பேரு சேந்து பிலிம் சொசைட்டின்னு ஒண்ணு தொடங்கினாவ. மெசின் ஓட்ட ஆள் இல்லன்னு என்னையக் கூப்பிட்டாவ. அங்கதான் ஒரு ஜப்பான்காரன் எனக்குப் பழக்கமானான். யசுஜிரோ ஓசு. படம் ஓடி அரைமணி நேரத்துல வாத்தியாருமாரு பாதிப் பேரு உறங்கிட்டாவ. மெசின் பக்கத்துல நிக்கிறவன் உறங்க முடியுமா? நான் முழுசாப் பாத்துத் தொலைச்சேன். அன்னையில இருந்து அவனைப் பத்தி எவன் எழுதினாலும் தேடிப் புடிச்சு வாசிக்கிறது எனக்கு ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்குல சொல்லுதேன், கேட்டுக்கோ. சினிமாவுல நீ யாரு மாதிரி வேணும்னாலும் ஆகு, இந்த மனுசன் மாதிரி மட்டும் ஆயிராத.

பொறந்தது 1903 டிசம்பர் 12. தோக்கியோவுல புகாகாவாங்கிற பகுதி. அப்பன் உர வியாபாரி. பிள்ளைகளையும் பொண்டாட்டியையும் மத்சுசாகாங்கிற சொந்த ஊருக்கு அனுப்பி வச்சிட்டு, அவரு தோக்கியோவுல யாவாரம் பாத்தாரு. அப்பன் கண்ணு படாத இடத்துல வளந்த பய என்ன செய்வான்? பள்ளிக்கூடத்தைக் கட்டடிச்சிட்டுக் கொட்டகையில கெடந்தான். விடுதியை விட்டு வெளியேத்தினாவ. கோபேயில வணிகப் படிப்புக்குப் பரிச்சை எழுதினான், தோத்தான். வாத்தியார் பயிற்சிக்கு எழுதினான், அதுலயும் தோத்தான். வாத்தியாராகத் தகுதி இல்லன்னு பரிச்சையே சொல்லிட்டதால, ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல அவனைத் தற்காலிக வாத்தியாராப் போட்டாவ! அங்க இருந்தும் வாரக்கடைசியானா மலையை விட்டு எறங்கி டவுனுக்குப் படம் பாக்க வந்துருவானாம்.

1923 ஆகஸ்டுல, மாமா ஒருத்தரு சிபாரிசு பண்ண, ஷோசிக்கு கம்பெனியோட கமாத்தா ஸ்டுடியோவுல சேந்தான். அப்பனுக்கு இஷ்டமே இல்ல. சேந்தது டைரக்சனுக்கு இல்லலே, கேமரா டிப்பார்ட்மெண்டுல எடுபிடி. தூக்கிச் சுமக்குத வேலை. அடுத்த மாசமே அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்து தோக்கியோவைத் தரைமட்டம் ஆக்கிட்டு. அவன் வீடும் போச்சு. குடும்பத்துல ஆருக்கும் ஒண்ணும் ஆகல. நீன்னா அன்னைக்கே சகுனம் சரியில்லன்னு ஊருக்கு பஸ் ஏறியிருப்ப.

அவன் டைரக்டரான கதையைக் கேளு. 1927. ஸ்டுடியோ கேன்டீன்ல பசியோட வரிசையில நிக்கான். அன்னைக்குக் கறிக்குழம்புச் சோறு. இவன் முறை வாரப்ப, பின்னால வந்தவன் ஒருத்தன் முந்திட்டான். இவன் வாயால பேசல, கையால பேசிட்டான். விசயம் ஸ்டுடியோ மேலாளரு ஷிரோ கிடோ வரைக்கும் போச்சு. கூப்பிட்டு விட்டாரு. வேற எவனா இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். இந்தத் திருடன் எழுதி வச்சிருந்த கதையை அந்த ரூம்லயே அவருகிட்ட நீட்டியிருக்கான். கொஞ்ச நாள்ல டைரக்டராப் பதவி உயர்வு. அதுக்காக நீ நாளைக்கு மெட்ராஸ் போயி எவன் மூஞ்சியிலயாவது குத்திராத. அவன் கையில கதை இருந்தது. உன் கையில மெமரி கார்டு மட்டும்தான் இருக்கு.

முதப் படம் ஒரு வாள்சண்டைப் படம். அதுக்குத் திரைக்கதை எழுதினவரு கோகோ நோதா. இந்தப் பேரை நெஞ்சுல குறிச்சுக்கோ, திரும்ப வருவாரு. படம் முடியுததுக்குள்ள பட்டாளத்துல ரிசர்வ் பயிற்சிக்கு வரச்சொல்லி ஆணை வந்துட்டு. மிச்சத்தை வேற ஒருத்தன் எடுத்து முடிச்சான். அந்தப் படம் இப்ப உலகத்துல எங்கயும் கெடையாது. அவன் ஆரம்பத்துல எடுத்ததுல பலதும் அப்படித்தான் அழிஞ்சு போச்சு. 1930-ல மட்டும் ஏழு படம் எடுத்திருக்கான், தெரியுமா? நீ ஒரு குறும்படத்துக்குத் தலைப்பு யோசிக்கவே ரெண்டு கோடைக்காலம் தாண்டிட்டு. அவனுக்குத் தலைப்பு யோசிக்க நேரமே இருந்திருக்காது. அதான் கடைசி வரைக்கும் தலைப்பு வைக்கத் தெரியாமலே போயிட்டு. லேட் ஸ்பிரிங், ஏர்லி சம்மர், ஏர்லி ஸ்பிரிங், லேட் ஆட்டம். பஞ்சாங்கம் மாதிரி வச்சிருக்கான். பெட்டி மாறிப்போனாலும் ஒரு பய கண்டுபுடிக்க மாட்டான்.

இப்ப கேமராவுக்கு வருவோம். உனக்குப் புடிச்ச விசயம். அவன்கிட்ட 50 எம்எம் லென்சு ஒண்ணு உண்டு. அதை வச்சே காலத்தை ஓட்டினான். கேமராவைத் தரையில இருந்து ரெண்டு மூணு அடிக்குள்ள வச்சிருவான். கேமராமேன் யூஹாரு அத்சுதா பாவம், குப்புறப் படுத்துக்கிட்டுத்தான் வேலை பாக்கணும். ஆரம்ப காலத்துல கேமரா கொஞ்சம் நகந்துச்சு. போகப் போக அதுவும் நின்னு போச்சு. கலர் படங்கள்ல அசையவே அசையாது.

ஏன் இப்படிக் கீழ வச்சான்னு கேட்டுப் பாரு, பேராசிரியமாரு வரிசையில வந்து நிப்பாவ. பாயில உக்காந்திருக்கிறவன் பார்வைன்னு ஒருத்தரு. ஜென் தியானம்னு ஒருத்தரு. கொழந்தையோட கண்ணுன்னு இன்னொருத்தரு. அவன்கிட்டயே கேட்டதுக்கு அவன் சொன்ன காரணம் என்ன தெரியுமா? 1928-ல ஒரு படம் எடுக்கிறப்ப விளக்குக ரொம்பக் கம்மி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை அங்கயும் இங்கயும் மாத்துததுல தரையெல்லாம் ஒயர். ஒவ்வொரு தடவையும் ஒயரை ஒதுக்கிக்கிட்டா இருக்க முடியும்? கேமராவைக் கீழ எறக்கிக் கொஞ்சம் மேல பாத்து வச்சான், தரை ஃபிரேமுக்கு வெளிய போச்சு, ஒயரும் போச்சு. பாத்தா நல்லாவும் இருந்தது. அப்படியே வச்சுக்கிட்டான். ஒயர்னு அவன் சொன்னதை நான் நம்புதேன். ஆனா ஒயர் இல்லாத காலத்துலயும் ஏன் கீழயே வச்சான்னு மட்டும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

ஊரெல்லாம் பேசும்படம் எடுக்கிறப்ப இவன் மட்டும் ஊமைப்படம் எடுத்துக்கிட்டு இருந்தான். மூணு வருசம் வரிசையா, 1932, 33, 34, கினேமா ஜுன்போங்கிற பத்திரிகை ஊமைப்படத்துக்கே முதலிடம் குடுத்தது, மூணும் இவன் படம். அதுல மொதப் படத்தைத் தேடிப் பாருலே. ரெண்டு வாண்டுப் பயலுவ, தெருவுல சண்டியருமாரு. அப்பன்தான் உலகத்துலயே பெரிய ஆளுன்னு நம்புதானுவ. ஒருநா முதலாளி வீட்டுல சுவத்துல படம் ஓட்டிக் காட்டுதாவ. அதுல அவனுவ அப்பன் முதலாளியைச் சிரிக்க வைக்கக் கோரணி காட்டுதான். பயலுவளுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. வீட்டுக்கு வந்து அப்பனைக் கேக்கானுவ: நீங்க ஏன் அவருக்குக் குனியணும்? சம்பளம் குடுக்காருலே. அப்ப சம்பளம் வேண்டாம்னு சொல்லுங்க. பெறவு நீங்க எதைத் திம்பிய? அப்ப சோறே வேண்டாம்னு பயலுவ உண்ணாவிரதம் இருக்கானுவ! மறுநாக் காலையில அம்மை உருட்டி வச்ச சோத்துருண்டையைக் கண்டதும் கொள்கை தளந்துருது. எந்தக் கட்சி மாநாட்டுலயும் இதைவிடத் தெளிவா ஆரும் விளக்கினது கெடையாது.

பேசும்படத்துக்கு ஏன் வரலங்குததுக்கும் ஒரு கூத்து உண்டு. அவனோட அப்பத்த கேமராமேன் ஹிதேயோ ஷிகேஹாரா சொந்தமா ஒரு ஒலிப்பதிவு முறையைக் கண்டுபுடிச்சுக்கிட்டு இருந்தாரு. அது முடிஞ்சதும் அதுலதான் என் முதப் பேசும்படம்னு வாக்குக் குடுத்துட்டான். அவரு முடிக்கவும் 1936 ஆயிட்டு. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தான். நீ உன் எடிட்டர் பயலுக்கு ரெண்டு நாள் பொறுக்க மாட்டாம மூணு பேரை மாத்தின பாத்தியா, அதுதான் தொழில் சுத்தம். இவன் பொழைக்கத் தெரியாதவன்.

சரி, சிரிச்சது போதும். இதையும் கேளு. 1937-ல சீனாவுக்குப் போருக்குப் போனான். சும்மா துப்பாக்கி தூக்கின பட்டாளம் இல்ல, விசவாயு சம்பந்தப்பட்ட படைப்பிரிவு. அந்தப் போர்ல ஜப்பான் பட்டாளம் சீனாவுல செஞ்ச அக்கிரமம் கொஞ்சநஞ்சம் இல்ல. இவனைச் சாமியாராக்கிப் படம் மாட்டுத ஆளுங்க இந்தப் பக்கத்தைப் பொரட்டாம விட்டுருவாவ. நீ விட்டுராத. குடும்பப் பாசத்தை அவ்வளவு பதமா எடுத்த கையி அங்கயும் இருந்திருக்கு. அங்கதான் நான்கிங் பக்கத்துல தன் சிநேகிதன் சதாவோ யாமனாகாவைப் பாத்தான். அவனும் டைரக்டர்தான், பெரிய கெட்டிக்காரன். அந்த 1938-லயே சீதபேதி வந்து செத்துப் போனான். வயசு 28. உன் வயசுலே.

திரும்பி வந்ததும் ஒரு கதை எழுதினான். போருக்குக் கெளம்புத புருசனும், அவன் மேல பெருசா ஒட்டுதல் இல்லாத பொண்டாட்டியும். கெளம்புத ராத்திரி ரெண்டு பேரும் அடுப்படியில தேயிலைத் தண்ணி ஊத்தின சோத்தைத் திங்காவ. நம்ம வீட்டுல பழஞ்சோறு இருக்குல்லா, அந்த மாதிரி எளிய சோறு. சென்சார் ஆளுங்க கொதிச்சுப் போயிட்டாவ. போருக்குப் போற வீரன் தண்ணிச்சோறு திங்கலாமா? செம்பயறு போட்ட மங்கலச் சோறுல்லா திங்கணும்னாவ. இவன் சோத்தை மாத்த மாட்டேன்னு கதையவே கட்டித் தூக்கிப் பரணுல போட்டுட்டான். போர் முடிஞ்சு, 1952-லதான் அதை எடுத்தான். அதுல புருசன் வேலையா வெளிநாடு கெளம்புதான், விமானம் பழுதாகித் திரும்பி வந்துருதான். நடு ராத்திரி. வேலைக்காரி உறங்கிட்டா. சொந்த வீட்டு அடுப்படியில எது எங்க இருக்குன்னு புருசனுக்கும் தெரியல, பொண்டாட்டிக்கும் தெரியல. ரெண்டு பேருமா தொழாவித் தொழாவிச் சோத்தையும் ஊறுகாயையும் கண்டுபுடிச்சு, தேயிலைத் தண்ணியை ஊத்தித் திங்காவ. அம்புட்டுதான் காட்சி. அந்தச் சோத்துக்காகப் பன்னெண்டு வருசம் பொறுத்திருக்கான்லே. உன் ப்ரொட்யூசர் ஒரு போன்ல ஹீரோயின் பேரை மட்டுமா மாத்தினான், ஊரையே மாத்திட்டான், நீயும் சரி சார்னுட்ட.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்ட. இந்த ஆளு நம்ம சனங்களைப் படம் எடுக்கவும் வந்தவன். 1943-ல சிங்கப்பூரைப் புடிச்சு வச்சிருந்த ஜப்பான் பட்டாளம் இவனை அங்க அனுப்புச்சு. இந்திய விடுதலைப் போரைப் பத்தி, நேதாஜியோட டெல்லி சலோ பேரைச் சொல்லி ஒரு பிரச்சாரப் படம் எடுக்கணும். அந்த வருசம் அக்டோபர் 21-ல சிங்கப்பூர் கேத்தே கட்டடத்துலதான் நேதாஜி தற்காலிக அரசை அறிவிச்சாரு. மலேயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்த தமிழாளுவ ஆயிரக்கணக்குல அவரோட விடுதலைப் படையில சேந்தாவ. நம்ம பக்கத்துல இருந்து கப்பலேறிப் போன குடும்பத்துப் பிள்ளைகளும் அதுல உண்டு.

இவன் என்ன செஞ்சான்? போர் ஜப்பானுக்கு எதிராத் திரும்பிட்டு, பிலிம் வரத்து நின்னு போச்சு. டெல்லிக்கும் போகல, படமும் முடிக்கல. ஜப்பான் பட்டாளம் கைப்பத்தி வச்சிருந்த அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். சிட்டிசன் கேன், கான் வித் த விண்ட், இன்னும் எத்தனையோ. எதிரி நாட்டுப் படத்தைப் பட்டாளத்துச் செலவுல முழுசாப் பாக்குத பாக்கியம் எந்த பிலிம் சொசைட்டிக்காரனுக்கும் வாய்க்காது. அந்தப் படங்களைப் பாத்ததும், இந்த நாட்டுக்கூட நம்மாளு மோதினது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். போர்ல தோத்ததும் எடுத்த கொஞ்சநஞ்சத்தையும் கொளுத்திட்டான். நம்ம தோட்டத்து ஆளுவ மூஞ்சி எதுவும் அந்தப் பிலிம்ல இருந்துச்சா, ஆரு கண்டா. பெறவு முகாம்ல கைதியாக் கெடந்தான். ஊருக்கு முதக் கப்பல்ல போக சீட்டுக் குலுக்கினப்ப இவன் பேரு விழுந்தது. நான் பெறவு வாரேன்னு வேற ஆளுக்கு எடத்தை விட்டுக் குடுத்துட்டான். 1946 பிப்ரவரியிலதான் ஊரு போய்ச் சேந்தான்.

இப்பத்தான் நோதா திரும்ப வாராரு. 1949-ல இருந்து கடைசிப் படம் வரைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் எழுத்து. உன் கூட்டாளிமாரு டிஸ்கசன்னு சொல்லி ஓட்டல்ல ரூம் போடுதாவ பாரு, அதுக்கெல்லாம் மூலபுருசன் இவனுவதான். சிகாசாக்கிங்கிற கடலோர ஊருல ஒரு சத்திரம். அதுல எப்பவும் ஒரே ரூம். அங்கயே அடுப்பு மூட்டிச் சமைப்பான். இறைச்சியும் காய்கறியும் போட்டு ஆக்குத சுகியாக்கியில கறிப்பொடியைத் தூவி வந்தவனுக்கு எல்லாம் போடுவானாம். கறிக்குழம்புச் சோத்தால டைரக்டரானவன் நன்றி மறக்கல. பெறவு ததேஷினாங்கிற மலையூருல நோதாவோட வீட்டுக்கு எடத்தை மாத்தினாவ. எழுதுதது, குடிக்கிறது, நடந்துட்டு வாரது, உறங்குதது. அரிசிச் சாராயப் புட்டி காலியாகக் காலியாக வரிசையா அடுக்கி வைப்பாவ. எத்தனை புட்டியில கதை முடியும்னு அவனுவளுக்கு ஒரு கணக்கு. டோக்கியோ ஸ்டோரி முடிஞ்சப்ப 103 நாள், 43 புட்டின்னு டைரியில குறிச்சு வச்சிருக்கான்.

உடனே மூஞ்சி மலருது பாரு பயலுக்கு! புட்டி கணக்கு மட்டும் ஒனக்கு நல்லா வெளங்கும். மிச்சத்தையும் கேளு. அந்த 103 நாள்ல ஒவ்வொரு வசனமும் எழுத்து மாறாம முடிஞ்சிருக்கும். பாத்திரம் பேசுத வார்த்தையில வால் எழுத்தைக்கூட நடிகன் மாத்தப்படாது. ஷூட்டிங்குக்குப் போன பெறவு யோசிக்க ஒண்ணுமே பாக்கி கெடையாது. உன் புட்டி கணக்குலயும் ஒரு கதை முடிஞ்சிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேன்லே, கடை எங்க இருக்குன்னு தாத்தாவுக்கும் தெரியும்.

அந்த டோக்கியோ ஸ்டோரி 1953. ஒனோமிச்சிங்கிற தூரத்து ஊருல இருந்து வயசான அப்பனும் அம்மையும் பிள்ளைகளைப் பாக்கத் தோக்கியோ வாராவ. மூத்தவன் டாக்டர், மக அழகுநிலையம் வச்சிருக்கா. ரெண்டு பேருக்கும் நேரமில்ல. செலவைப் பங்கு போட்டு வெந்நீர் ஊத்துள்ள ஊருக்குப் பெருசுகளை அனுப்பி வைக்காவ. பாசமாத்தான். அங்க ராத்திரி பூரா கூத்தும் பாட்டும், பெருசுக ரெண்டும் உறங்க முடியாமக் கெடக்கு. போர்ல செத்த ரெண்டாவது மவனோட பொண்டாட்டி, நோரிகோ, அவ ஒருத்திதான் வேலைக்கு லீவு போட்டுட்டு ஊரு சுத்திக் காட்டுதா. மாமனாருக்குக் குடுக்க வீட்டுல சாராயம் இல்லன்னு பக்கத்து வீட்டுல போயி எரவல் வாங்கிட்டு வாரா. பெருசுக ஊரு திரும்பினதும் அம்மைக்கு முடியலன்னு தந்தி வருது. இந்த எடத்தை நல்லாப் பாரு. மூத்தவனும் மகளும் கெளம்புதாவ. எழவு வீட்டுச் சட்டையும் எடுத்துக்கிடுவமா, தேவைப்பட்டாலும் படும்னு மக சொல்லுதா. குரல்ல ஒரு வருத்தமும் இல்ல, கள்ளமும் இல்ல, மழைக்குக் குடை எடுக்கிற மாதிரி பேசுதா. நோரிகோ எடுத்துட்டு வரல. அம்மை போய்ச் சேந்து, காரியம் முடிஞ்சு சாப்புட உக்காந்த எடத்துலயே, அம்மையோட இன்ன சேலையை ஞாபகத்துக்கு எனக்குத் தாங்கன்னு மக கேக்கா. அதுக்கு ஒருத்தரும் சண்டை போடல. வில்லின்னு அவளைக் காட்டவும் இல்ல. பசிக்கு, ரயிலுக்கு, கடைக்கு அவசரமா இருக்கிற ஒருத்தி. அம்புட்டுதான். நீ எடுத்தா அந்த எடத்துல பின்னணி இசையில வயலின் முப்பது பேரு அழுவான்.

அதுல அப்பனா நடிச்ச சிஷு ரியூவுக்கு அப்ப 49 வயசு. எழுவது வயசுக் கெழவனா உக்காந்திருக்காரு. அவரு இல்லாம ஓசு படம் எடுத்ததே கொஞ்சம்தான். கையை இங்க வை, மூச்சை இப்ப விடு, கிண்ணத்தை இந்தப் பக்கமாத் திருப்புன்னு நூல் புடிச்ச மாதிரி வேலை வாங்குவான். ஃபிரேம்ல அழகா இருக்கணும்னு ஷாட்டுக்கு ஷாட்டு டம்ளரையும் புட்டியையும் நகத்தி வைப்பான். கன்டினியூட்டி தப்புன்னு உதவியாளன் கத்தினாலும் கேக்க மாட்டான். லேட் ஸ்பிரிங் கடைசியில மகளைக் கட்டிக் குடுத்துட்டுத் தனியா உக்காந்து ஆப்பிள் சீவுத காட்சி. அங்க ஓன்னு அழணும்னு ஓசு சொன்னான். ரியூ, அது என்னால ஆகாதுன்னுட்டாரு. சொன்னதைச் செஞ்சே பழகின மனுசன் ஒரே ஒரு தடவை மறுத்தாரு. ஓசு சரின்னு விட்டுட்டான். தோலு நீளமா எறங்கி விழுது, தலை தொங்குது, அம்புட்டுதான். அழுதிருந்தா அந்தப் படம் அன்னைக்கே செத்திருக்கும்னு நான் சொல்லுவேன்.

கடைசிப் படத்துல ஷிமா இவாஷிதான்னு சின்னப் பொண்ணு. ஆசை வச்சவன் கெடைக்கலன்னு தெரிஞ்ச பெறவு தனியா உக்காந்து அளவு நாடாவை விரல்ல சுத்தணும். திரும்பத் திரும்பச் சுத்தச் சொல்லுதான். பத்து தடவை, இருவது தடவை, அதுக்கும் மேல. என்ன தப்புன்னும் சொல்லல. பெறவு சொன்னானாம்: மனுசனுக்குச் சோகம்னா சோகமாவா மூஞ்சியை வச்சுக்கிடுவான்? அந்தப் புள்ளைக்கு வயசு போயும் அது மறக்கல.

ஒரே கதையையே எடுக்கியேன்னு கேட்டவங்களுக்கு, நான் டோஃபு செய்யுதவன்னு சொல்லிட்டான். டோஃபுவைப் பொரிச்சுத் தரலாம், வேற மாதிரி ஆக்கித் தரலாம், பன்னிக்கறி கட்லெட்டு கேட்டா என் கடையில கெடைக்காதுன்னான். உண்மைதான். 1949-ல லேட் ஸ்பிரிங்ல மகளா நடிச்ச செத்சுகோ ஹாராவே 1960-ல லேட் ஆட்டம் படத்துல மகளைக் கட்டிக் குடுக்கிற அம்மை. அப்பனுக்குப் பதிலா அம்மை, சோலி முடிஞ்சது. அதுக்காக வேற டோஃபு எவனும் தந்தானா, இல்லையே. 1958-ல கலருக்கு வந்தான், பேசுத காலத்துல ஊமைக்கு நின்ன மாதிரியே கலருக்கும் லேட்டு. வந்ததும் ஒரு செவப்புக் கெட்டிலைத் தூக்கி ஃபிரேமுக்கு ஃபிரேம் வச்சுக்கிட்டே வாரான். அது அந்த வீட்டுல தானா எப்படி நடக்குன்னு எனக்கு இன்னைக்கும் புடிபடல.

வெளிநாட்டுக்கு இவன் படத்தை அனுப்பக் கம்பெனிக்காரனே தயங்கினான். இது ரொம்ப ஜப்பான், வெள்ளைக்காரனுக்கு வெளங்காதுன்னுட்டான். இன்னொரு ஜப்பான் டைரக்டர் குரோசாவா வாளைச் சொழட்டி வெனிஸ்ல பரிசு வாங்கிட்டு வந்தப்ப இவன் பாயில உக்காந்திருந்தான். பொறாமையும் இல்ல போல. 1943-ல குரோசாவாவோட முதப் படத்தைச் சென்சார் ஆளுங்க போட்டு மிதிச்சப்ப, நூத்துக்கு நூத்தி இருவது மார்க்குன்னு சொல்லித் தூக்கி விட்டவன் இவன்தான். டோக்கியோ ஸ்டோரிக்கு 1958-ல லண்டன்ல ஒரு பரிசு கெடச்சது. 2012-ல சைட் அண்ட் சவுண்டு பத்திரிகை உலகத்து டைரக்டர்மாருகிட்ட ஓட்டுக் கேட்டப்ப அந்தப் படத்துக்குத்தான் முதலிடம். அதைப் பாக்க ஆளு இல்ல, போய்ச் சேந்து 49 வருசம் ஆயிருந்தது.

இருந்தப்ப கெடச்ச மரியாதையைக் கேளு. ஒன்னைய மாதிரி எளவட்டங்கள்லாம் கிழடு, பழசு, வீட்டுக்குள்ளயே சுத்துதான்னு பேசினானுவ. அதே கம்பெனியில கிஜு யோஷிதான்னு முப்பது வயசுகூட ஆகாத டைரக்டர் ஒரு பத்திரிகையில அவன் படத்தைக் குத்திக் காட்டி எழுதிட்டான். 1963 புத்தாண்டு விருந்து. கம்பெனி டைரக்டர்மாரு எல்லாம் உக்காந்திருக்காவ. பெரிய எடத்துல இருந்த ஓசு எந்திரிச்சுக் கடைசி வரிசைக்கு வந்து, அந்தப் பயலுக்கு முன்னால உக்காந்தான். ஒண்ணும் பேசல. கிண்ணத்தை நெறைச்சான், அவன் குடிச்சான். அவன் நெறைச்சான், இவன் குடிச்சான். விருந்து முடியுத மட்டும் இதே கதை. கடைசியில வாயைத் தொறந்தப்ப, டைரக்டர்னா பாலத்துக்கு அடியில பாயால மொகத்தை மூடிக்கிட்டு ஆளைக் கூப்புடுத தாசிதான்லேன்னு சொன்னானாம். யோஷிதாவுக்கு அது வாழ்நாள் பூரா உறுத்திக்கிட்டே இருந்திருக்கு, வயசான காலத்துல ஓசுவைப் பத்திப் புத்தகமே போட்டான். நீயும் போன மாசம் ஒரு மூத்தவரை யூடியூப்ல வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினியே, அவரு உன் முன்னால வந்து உக்காந்தா கிண்ணத்தைப் புடிக்க உன் கை நிக்குமாலே?

அந்த வருசமே கழுத்துல புத்து வந்துட்டு. அவதின்னா அவதி. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தது ஆரு? கறிச்சோத்துச் சண்டையில கூப்பிட்டு விசாரிச்ச அதே கிடோ, இப்ப கம்பெனித் தலைவரு. அவரைப் பாத்து, என்னமோ முதலாளி, எல்லாம் வீட்டுக் கதைதான் போலன்னு ஒரு நக்கல் விட்டிருக்கான். கம்பெனி காலம் பூரா எடுக்கச் சொன்ன சரக்கு வீட்டுக் கதை, அதைத்தான் குத்திக் காட்டுதான், சாகக் கெடக்கிற நேரத்துல. 1963 டிசம்பர் 12-ல போயிட்டான். சரியா அறுபது முடிஞ்ச நாளு. மறு படத்துக்கு நோதாவும் அவனும் யோசிச்சு வச்சிருந்த கதையை வேற ஒருத்தரு எடுத்தாரு. வடகாமகுராவுல எங்காகுஜி கோயில்ல பொதச்சிருக்காவ. பாக்கப் போறவங்க பூவோட புட்டியும் வச்சிட்டு வாராவளாம், வெவரமான பக்தருங்க.

ஒரு விசயத்தை விட்டுட்டேன். ஊரான் வீட்டுப் பொண்ணை எல்லாம் படத்துக்குப் படம் கட்டிக் குடுத்தானே, அவன் கல்யாணமே கட்டல. அம்மை கூடவே இருந்தான். 1962-ல அந்தம்மா போற வரைக்கும் ஒரே வீடு. அம்மை போயி அடுத்த வருசமே இவனும் போயிட்டான். இதைச் சொல்லாம இருந்திருக்கலாம். நான் சொன்னதுல வேற எதையும் புடிக்க மாட்ட, இதை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உங்க அம்மைகிட்டப் போயி, தாத்தாவே சொல்லிட்டாரு, பெரிய டைரக்டர்மாரு கல்யாணம் கட்ட மாட்டாங்கன்னு ஆரம்பிப்ப. அதெல்லாம் நடக்காது. அவன் ஐம்பதுக்கு மேல படம் எடுத்துட்டுக் கட்டாம இருந்தான், நீ ஒண்ணும் எடுக்காம இருக்க. ஞாயித்துக்கெழமை பாவூர்சத்திரத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரவ வாராவ. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வை. என்ன வேலைன்னு கேட்டா, இப்போதைக்கு டைரக்டர்னு சொல்லாத, கேமரா தூக்குதேன்னு சொல்லு.